மடக்குக் கத்தியின் முதுகுப் பூட்டு

வடக்கே குடியேறி வாழும் நம்மவர் ஊருக்குப் புறப்படுங்கால், பயணப் பையில் மடக்குக் கத்தி ஒன்றை வைத்துக்கொள்வது பல இல்லங்களில் வழக்கம். பழம் நறுக்கவும், மூட்டைக் கயிறு அறுக்கவும் நீண்ட ரயில் பயணத்தில் அது பெரிதும் பயன்படும். எனினும் கடையில் அதனை வாங்குவோர் அலகின் பளபளப்பை நோக்குவரேயன்றிப் பூட்டை நோக்குவதில்லை. விரலைக் காப்பதும் அப்பூட்டே. தலைநகரில் சட்டச் சிக்கலுக்கு வழி செய்யக்கூடியதும் அப்பூட்டே. ஆதலின் இத்திங்கள் அதனை ஆராய்வோம்.

சாதாரணப் பேனாக்கத்தியில் பூட்டென்று ஒன்றில்லை. உள்ளேயுள்ள வில் அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும்; அவ்வளவே. கூர்விளிம்பால் நறுக்கும் வரையில் இடரில்லை. நுனியால் தேங்காய்க் கண்ணைக் குத்தும்போதோ, டப்பா மூடியை நெம்பும்போதோ வில் தோற்றுவிடும். அலகு மடிந்து விரல்மேல் விழும். நெம்புதல் கத்தியின் வேலையன்றுதான். ஆயினும் அதனைச் செய்யாத இல்லம் ஏது?

இக்குறையைத் தீர்ப்பது முதுகுப் பூட்டு. பிடியின் முதுகு நெடுக ஓர் எஃகுப் பட்டை அமைந்திருக்கும். கிணற்றேற்றத்தின் துலாமரத்தைப் போல, அப்பட்டை நடுவிலுள்ள ஆணியில் ஊசலாடும். அலகு முழுதும் விரிந்தவுடன் பட்டையின் முன்முனையிலுள்ள பல், அலகின் அடியிலுள்ள வெட்டில் ‘டக்’கென்று விழுந்து பற்றிக்கொள்ளும். பின்முனையை அழுத்தினால் முன்முனை எழும், அலகு விடுபடும்.

இவ்வமைப்பிற்குப் பழைய உறவினர் ஸ்பெயின் நாட்டில் உண்டு. அல்பசேத்தே நகரம் பெயர் பெற்ற ‘நவாகா’ என்னும் மடக்குக் கத்தியின் பூட்டுள்ள வகையில், வில் பிடியின் வெளிப்புறத்திலேயே அமைந்து அலகைப் பற்றிக்கொள்ளும். விடுவிக்க ஒரு வளையத்தை இழுத்து வில்லைத் தூக்க வேண்டும். அலகின் அடியில் பற்கள் வெட்டிய வகையோ விரிக்கும்போது ‘கரகர’வென ஒலிக்கும். காண அழகிய பொருளே. ஆனால் மூடுவதற்கு இரு கைகளும் வேண்டும்.

இக்காலத்து முதுகுப் பூட்டுக் கத்திகளுக்கு இலக்கணமாய் நிற்பது அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட ‘110’ என்னும் கத்தி. அதன் அலகு 3¾ அங்குலம். பிடி கருங்காலி மரம். இரு முனைகளிலும் பித்தளை. பூட்டை அழுத்தும் இடம் பிடியின் கடைக்கோடியில் உள்ளது. உறுதியில் இதனைக் குறை கூறுவதற்கில்லை. எடைதான் சுமார் 204 கிராம்! சட்டைப் பையில் இட்டால் சட்டையே ஒருபுறம் சாயும். அரைக்கச்சையில் தோலுறையோடு அணிவதற்கென்றே செய்தது அது. இதன் தம்பியாகிய ‘112’ மூன்றங்குல அலகும் ஏறக்குறைய 160 கிராம் எடையும் உடையது. பித்தளைக்குப் பதிலாக நைலான் பிடி இட்ட வகையில் எடை பாதிக்கும் கீழாகக் குறைகிறது. பித்தளையும் கருங்காலியும் கண்ணுக்கு இனியவை என்பதில் ஐயமில்லை. நாள்தோறும் உடன் கொண்டு செல்ல நைலானே மேலென்பது எமது கருத்து.

வேறு சில கத்திகளில் அழுத்துமிடம் பிடியின் நடுவே அமைந்திருக்கும். ஒரு கையால் மூட இது வசதி. ஆனால் இறுகப் பற்றும்போது உள்ளங்கையே பட்டையை அழுத்திவிடக்கூடும். இதனைத் தவிர்க்கவே அமெரிக்கக் கத்திக் கலைஞர் டேவிட் பாய் அவ்விடத்தைச் சற்றுக் குழித்தார். அக்குழி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம் நாட்டு ராம்பூர்க் கத்தியைக் குறிப்பிடாமல் விடுவது முறையன்று. உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் பிறந்த அதன் அலகு 9 முதல் 12 அங்குலம் வரை நீளும். இந்திப் படங்களில் வில்லன் கையில் விரிவது பெரும்பாலும் அதுவே. வாழைப்பழத்திற்கு அது வேண்டாம்.

டில்லியில் வாழும் நேயர்கள் அடுத்து வருவதைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் டில்லி நிர்வாகம் 1980இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வில்விசைக் கத்தி, ‘கராரிதார்’ எனும் பல்வெட்டுக் கத்தி, ‘பட்டன்தார்’ எனும் பொத்தான் கத்தி, வேறு இயந்திர அமைப்பால் திறக்கும் அல்லது மூடும் கத்தி ஆகியவற்றை அது குறிக்கிறது. அலகு 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமும், 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலமும் உடையதாயின், உரிமமின்றி வைத்திருத்தல் குற்றமாகும். 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக மூன்றங்குலம். ‘112’ அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது, ‘110’ தாண்டிவிடுகிறது. கையால் விரிக்கும் முதுகுப் பூட்டு ‘இயந்திர அமைப்பு’ ஆகுமா என்று வழக்காடலாம். ஆரஞ்சுப் பழம் உரிப்பதற்காக வழக்காட வேண்டுமா? இரண்டரை அங்குல அலகு இல்லத் தேவைக்கெல்லாம் போதும். விமானத்தில் செல்வோர் அதனையும் கைப்பையில் வையாது, ஒப்படைக்கும் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

வாங்கும்போது அலகை விரித்து, அதன் முதுகைப் பற்றி மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் மிகுதியாயின் பல் வெட்டில் சரியாகப் பொருந்தவில்லை என அறியலாம். வாங்கிய பின்னர் மாம்பழச் சாறே பெரும்பகை. அது வெட்டில் ஊறி உலர்ந்தால் பல் முழுதும் இறங்காது. பூட்டியதுபோல் தோன்றும், பூட்டியிராது. ‘டக்’கென்னும் ஒலி மழுங்கினால் உடனே வெந்நீரில் பழந்தூரிகை கொண்டு வெட்டைத் தேய்த்து, நன்கு உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி இடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், டில்லிக் குளிரில் அது உறைந்துவிடும்.