மண்ணா, விலைச்சீட்டா?

பிரான்சின் போர்தோ சிவப்பு ஒயின்களின் மேன்மை மண்ணில் இருக்கிறது, 1855 தரப்பட்டியலே அதற்குச் சான்று என்கிறார்கள்.

ஒன்று: அந்தப் பட்டியலுக்காக யாரும் மண்ணைத் தோண்டிப் பார்க்கவில்லை. பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் சந்தை விலையை வைத்துப் பண்ணைகளைத் தரம் தரமாக வரிசைப்படுத்தினார்கள். விலை அதிகம், ஆகவே சிறந்தது. சிறந்தது, ஆகவே விலை அதிகம். செக்குமாடுகூட இதைவிட நேராக நடக்கும்.

இரண்டு: தரம் பெற்றது பண்ணையின் பெயர், நிலமல்ல. அதே ஊரில் அடுத்தவர் தோட்டத்தை வாங்கிச் சேர்த்தாலும் தரம் அப்படியே நீடிக்கும். அப்படியானால் எந்த மண்ணைப் புகழ்கிறீர்கள்?

மூன்று: போர்தோவின் மெடோக் பகுதிக்கு வெளியிலிருந்து பட்டியலில் நுழைந்த சிவப்பு ஒயின் ஓ-பிரியோன் மட்டுமே. போர்தோவின் இன்னொரு பகுதியான பொமெரோலின் பெத்ருஸ் பட்டியலிலேயே இல்லை. அது மட்டமா?

பட்டியலில் பின்னர் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியது ஒரே பண்ணை: 1973-இல் மூத்தோன் ரோட்ஷீல்ட். மண் மாறியதாலா? உரிமையாளர் பல பத்தாண்டுகள் விடாமல் போராடியதால்.