மூச்சை அடக்க இயலாதவருக்கு இருதயப் படம்

“என் கணவருக்கு இருதயத்தை எம்.ஆர்.ஐ. முறையில் படம் எடுக்கச் சொல்லியுள்ளனர். இடையிடையே மூச்சை அடக்க வேண்டுமாம். நான்கு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. படம் பாழாகிவிடுமோ?” என வாசகி ஒருவர் வினவியுள்ளார்.

சகோதரியின் அச்சம் இயல்பானதே. ஆயினும், மூச்சை அடக்க இயலாதவருக்கும் வழி உண்டு.

புகைப்படக் கருவி இமைப்பொழுதில் படம் பிடித்துவிடும். எம்.ஆர்.ஐ. கருவியோ பல இருதயத் துடிப்புகளின்போது சிறிது சிறிதாகச் செய்தி திரட்டி, இறுதியில் அவற்றை ஒன்றுகூட்டிப் படமாக்குகிறது. துடிப்பினால் நேரும் அசைவை இ.சி.ஜி.யின் துணைகொண்டு சமாளிப்பர். ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே கட்டத்தில் செய்தி திரட்டப்படும். மூச்சின் அசைவு வேறு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின்மீது இருதயம் அமர்ந்துள்ளது. அமைதியாக மூச்சு விடும்போதும் உதரவிதானம் 1 சென்டிமீட்டர் அளவோ அதற்கு மேலோ ஏறி இறங்கும். இருதயமும் உடன் நகரும். இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய்களின் விட்டமோ 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். படம் மங்குவதில் வியப்பென்ன?

மூச்சைப் பத்துப் பதினைந்து நொடி நிறுத்துவது எளிய பரிகாரம். பெரும்பாலும் மூச்சை வெளிவிட்டபின் நிறுத்தச் சொல்வர். அந்நிலையில்தான் உதரவிதானம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்துக்குத் திரும்புகிறது.

இது இயலாதவர் இயல்பாகவே மூச்சு விடலாம். கருவி கல்லீரலுக்கு மேலுள்ள உதரவிதானத்தின் நிலையை ஒவ்வொரு துடிப்பிலும் அளந்தறியும். அது குறித்த எல்லைக்குள், ஏறத்தாழ 5 மில்லிமீட்டருக்குள், இருக்கையில் கிடைத்த செய்தியை மட்டும் ஏற்று, மற்றதைத் தள்ளிவிடும். 1989-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த ஈமன், ஃபெல்ம்லீ என்போர் வெளியிட்ட ஆய்வு இத்தகைய முறைகளுக்கு வித்திட்டது. இதில் குறையும் உண்டு: தள்ளப்படுவது மிகுதியாயின் நேரம் நீளும்.

தள்ளுவதற்குப் பதில் திருத்தவும் இயலும். உதரவிதானம் 10 மில்லிமீட்டர் இறங்கினால் இருதயம் சராசரியாக 6 மில்லிமீட்டர் இறங்கும் என்பது 1995-இல் வெளியான ஆய்வின் முடிவு. அதற்கேற்பக் கருவி தன் இலக்கை நகர்த்திக்கொள்ளும். ஆனால் இந்த விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலின் புதிய முறைகள் இருதயத்தின் அசைவையே நேராக அளந்து திருத்துகின்றன. விரைவாகப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதும் உண்டு.

சகோதரி, தங்கள் கணவர் செய்ய வேண்டியவை சிலவே. மூச்சுத் திணறல் உண்டென்பதைப் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே கூறட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மூச்சை வெளிவிட்டு நிறுத்த வீட்டிலேயே பழகட்டும். முடியாதபோது பல்லைக் கடித்துக்கொண்டு அடக்க முயன்று, பாதியில் பெருமூச்சு விட வேண்டா. அதுவே படத்தை அதிகம் கெடுக்கும். சீராக, அமைதியாக மூச்சு விட்டாலே போதும். “என்னால் இயலவில்லை” என்று சொல்வதில் வெட்கம் எதற்கு? அச்சொல்லைக் கேட்ட பின்னரே மாற்று வழி தொடங்குகிறது.