டிராம் வண்டியும் புறநகர் வாழ்வும்

ஒரு பட்டணம் எத்திசையில் வளரவேண்டும் என்பதை வீடு கட்டுவோரே தீர்மானிக்கின்றனர் என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவதற்கு வாகனம் எங்கே கிடைக்கிறதோ, அங்கேதான் ஜனங்கள் குடியேறுகிறார்கள். சென்னைப் பட்டணத்து டிராம் வண்டியின் சரித்திரம் இவ்வுண்மைக்குச் சாட்சியாக நிற்கிறது. நாஞ்சில் நாட்டார் அதைச் சற்று கருதிப் பார்ப்பது நலம்.

1895-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுவே. கல்கத்தா 1902-லும் பம்பாய் 1907-லுமே அவ்வசதியைப் பெற்றன. ஆரம்பத்தில் மின்சாரம் தரைக்கடியில் சென்றது. மழைக்காலத்து வெள்ளத்துக்கு அவ்வேற்பாடு ஈடுகொடுக்காமற் போகவே, கம்பிகள் தலைக்கு மேலே ஏறின. 1921-ல் சுமார் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின.

இதனால் விளைந்த மாறுதல் சிறிதன்று. அதற்கு முன் சொந்த வண்டியும் மாடும் வைத்திருந்தவனே கச்சேரிக்குத் தொலைவில் குடியிருக்கக்கூடும். மற்றவன் நடந்தே தீரவேண்டும். டிராம் வந்தபின், மயிலாப்பூரில் குடியிருந்த வக்கீலும், திருவல்லிக்கேணிச் சந்தில் வாடகைக்கிருந்த குமாஸ்தாவும், புரசைவாக்கத்து உபாத்தியாயரும் சில காசு கொடுத்துக் கோட்டைப் பக்கம் போய்வர முடிந்தது. வீட்டில் உலை வைக்கும் நேரத்தைக்கூட வண்டி வரும் நேரமே நிர்ணயித்தது. பல ஜாதியாரும் ஒரே பலகையில் நெருங்கி உட்கார்ந்தனர். மேடைப் பிரசங்கங்களால் எளிதில் சாதிக்க முடியாத காரியம் இது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது மாம்பலத்துக்கும் அதற்கப்பாலும் இதே நியாயமே பலித்தது.

டிராம் மெதுவானது, தெருவை அடைப்பது என்று குறை கூறியோர் உண்டு. அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் அதன் முடிவுக்கு மெதுவான நடை மாத்திரம் காரணமன்று. கம்பெனியின் நஷ்டமே பெருங்காரணம். 1953 ஏப்ரல் 12-ல் சென்னையில் டிராம் நின்றுபோயிற்று. அதே வருஷம் ஜூலையில், கல்கத்தாவில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்த்தப்பட்டதற்காக ஜனங்கள் கிளர்ச்சி செய்தனர், உயர்வு கைவிடப்பட்டது. ஓரிடத்தில் வருமானம் போதாமல் வண்டி நின்றது. மற்றோரிடத்தில் ஒரு பைசா ஏழைக்குப் பெரும் பாரமாயிற்று. அப்படியாயின் செலவை யார் ஏற்பது?

வாகனம் வருவதால் லாபம் அடைகிறவர் பிரயாணி மாத்திரமல்லர். பாதையோரத்து நிலத்தின் விலை ஏறுகிறது. கடைக்காரனுக்கு வியாபாரம் பெருகுகிறது. அவ்விலையேற்றத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு வாங்கி வாகனத்துக்குச் செலவிடுவதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம்.

நமது ஜில்லாவில் டிராம் ஓடியதில்லை. நாகர்கோவிலுக்கு ரயிலே 1979-ல்தான் வந்தது. பஸ்ஸே நமக்கு டிராமாக இருந்து வந்திருக்கிறது. 2019-ல் நாகர்கோவில் மாநகராட்சியாயிற்று. இன்று நெல் விளைந்த வயல்கள் வீட்டு மனைகளாகின்றன. மனை விற்பவர் சாலை காட்டுகிறார், மின்விளக்கு காட்டுகிறார், பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் மௌனம் சாதிக்கிறார். அங்கே வீடு வாங்குகிற குடும்பம் கடனோடு ஒரு மோட்டார் சைக்கிளையும் வாங்க நேர்கிறது. வண்டி ஓட்டத் தெரியாத தாயார், ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக, மகன் வேலையிலிருந்து திரும்பும்வரை காத்திருக்கிறாள்.

2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இது போற்றத்தக்க ஏற்பாடே. ஆயினும் பஸ் வராத தெருவில் இலவசச் சீட்டினால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆகவே நாம் கோருவது இரண்டு. நடந்து எட்டும் தூரத்தில் பஸ் நிற்குமிடம் இல்லாத மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்கலாகாது. அனுமதிக்காகச் செலுத்தப்படும் தொகையில் ஒரு பகுதியை அவ்வழியே ஓடும் பஸ்ஸுக்கென்றே ஒதுக்கவேண்டும். சென்னையில் தண்டவாளம் முன்னே சென்றது, வீடுகள் பின்தொடர்ந்தன. இங்கோ வீடுகள் முன்னே சென்றுவிட்டன. வயல் முழுதும் மனையாகுமுன் அதிகாரிகளும், மாநகராட்சி அங்கத்தினரும், வாக்களிக்கும் ஜனங்களும் இதைக் கவனிப்பார்களாக.