அடுக்குகள் தாமாகப் படிவதில்லை

வெளிநாட்டு நகரங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் ஒரு தொடர் தவறாமல் தலைகாட்டுகிறது. 'அடுக்கடுக்கான வரலாறு கொண்ட நகரம்' என்பது அத்தொடர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆற்று வண்டல் ஆண்டுக்கு ஆண்டு படிந்து மேடாவதைப்போல ஒரு காலத்தின்மீது மறுகாலம் மெல்ல வந்து அமர்ந்துகொண்டது என்ற படிமத்தை அது நமக்குத் தருகிறது. அப்படிமம் பொய்யானது என்பதே என் தரப்பு. வண்டலுக்குக் குற்றவாளி கிடையாது. நகரத்தின் அடுக்குகளுக்கு உண்டு. எந்த ஆண்டில் யாருடைய ஆணையால் எது அகற்றப்பட்டது என்று கேட்காமல் அடுக்குகளை வியப்பவர், அகற்றியவருக்கு அவரறியாமலே சாட்சி சொல்கிறார்.

பொதுவாகப் பேசினால் இது வெறும் சொற்சிலம்பம் ஆகிவிடும். எனவே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் ஜார்ஜியா நாட்டுக்குச் செல்லத் தொடங்கியபின், அதன் தலைநகரான திபிலீசி தமிழர்களின் பேச்சில் அடிக்கடி புழங்குகிறது. அந்நகரைக் குறுக்கே வெட்டி ஓடுகிறது குரா ஆறு. ஜார்ஜியர்கள் அதை ம்த்குவாரி என்பார்கள். பழைய நகருக்கு எதிரே, ஆற்றின் இடக்கரையில் உயர்ந்து நிற்கும் பகுதியின் பெயர் அவ்லபாரி. செங்குத்தான பாறையின் விளிம்பில் மெதேகி தேவாலயம். ஆற்றை நோக்கியபடி அரசி தாரேஜான் 1776இல் கட்டிய சிறு மாளிகை. 2009இல் திறக்கப்பட்டு 2018 வரை குடியரசுத் தலைவர்கள் இருந்த கண்ணாடிக் குவிமாட அரண்மனை. எல்லாவற்றுக்கும் மேலே, நகரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிகிற சமேபா என்னும் திரித்துவப் பேராலயம். பயணக் கட்டுரையாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் துறை நண்பரின் மகள் அங்கே மருத்துவம் பயில்கிறாள். சமேபாவின் படிகளில் நின்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். "பக்கத்தில் கல்லறைகள் ஏதேனும் பார்த்தாயா?" என்று கேட்டேன். "சின்னப் பூங்கா மாதிரி ஓர் இடம் இருக்கிறது மாமா, கற்கள் வைத்திருக்கிறார்கள். யாருடையவை என்று தெரியவில்லை" என்றாள். அவள்மீது குறையில்லை. அவளுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் எழுதுகிறவர்கள்.

முதலில் இலக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். இன்று கிடைக்கும் ஜார்ஜிய இலக்கியங்களில் மிகப் பழையது, யாக்கோப் சுர்த்தவேலி 5ஆம் நூற்றாண்டில் எழுதிய சூஷானிக்கின் உயிர்த்தியாக வரலாறு. அதன் நாயகி சூஷானிக் ஜார்ஜியப் பெண் அல்லள். ஆர்மீனியத் தளபதி வர்தான் மாமிகோனியானின் மகள். பாரசீகரின் சமயத்தைத் தழுவிய கணவனுக்கு இணங்க மறுத்து வதைபட்டு இறந்தவள். அவளுடைய உடலெச்சங்கள் மெதேகிப் பாறையில் வைக்கப்பட்டன என்பது மரபு. அடுத்த பெருநூல் 8ஆம் நூற்றாண்டில் இயோவானே சபானிஸ்தே எழுதியது. அதன் நாயகன் ஆபோ, பாக்தாதிலிருந்து வந்த அரேபியர், நறுமணப் பொருள் செய்பவர். கிறித்தவம் தழுவியதற்காக 786இல் திபிலீசியில் கொல்லப்பட்டார். அவர் உடல் எரிக்கப்பட்டதும் இந்த ஆற்றோரத்தில்தான். இன்று அவர் அந்நகரின் காவல் புனிதர்.

ஒரு மொழியின் தொல் இலக்கியம், அயல்மொழிப் பெண் ஒருத்தியையும் அயலினத்துக் கைவினைஞன் ஒருவனையும் தன் நாயகர்களாக ஏற்றது. அவ்வளவு விரிந்த மனம் கொண்ட மொழி அது. அந்த மொழியின் தலைநகரிலேதான் பிற்காலத்தில் ஆர்மீனிய எழுத்தாளர்களின் கல்லறைகள் பெயரற்ற கற்களாயின. இந்த முரணைப் பேசாமல் அவ்லபாரியைப் பற்றி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி மெதேகி. இப்போதுள்ள தேவாலயம் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் தெமெத்ரே மன்னன் எழுப்பியது. ரஷ்யப் பேரரசு 1801இல் ஜார்ஜியாவை இணைத்துக்கொண்டபின் அப்பாறைமீது சிறைச்சாலை கட்டப்பட்டது. 'தாய்' நாவல் வழியாக மூன்று தலைமுறைத் தமிழ் வாசகர்களை ஆட்கொண்ட மாக்சிம் கார்க்கி 1898இல் அடைபட்டிருந்த சிறை அது. அவருடைய முதல் கதை வெளியானதும் இதே நகரின் செய்தித்தாளில்தான், 1892இல். சோவியத் காலத்தில் பேரியா அந்தத் தேவாலயத்தை இடிக்க முற்பட்டபோது திமித்ரி ஷெவர்த்நாட்ஸே என்ற ஓவியர் எதிர்த்து நின்றார். ஆலயம் பிழைத்தது, ஓவியர் பிழைக்கவில்லை. 1937இல் அவர் கொல்லப்பட்டார். இன்று மெதேகியைப் படம் பிடிப்போரில் எத்தனை பேர் அப்பெயரை உச்சரிக்கிறார்கள்? நாம் காணும் 'அடுக்கு' தானாக எஞ்சிய ஒன்றன்று. ஒரு மனிதன் தன் உயிரை விலையாகக் கொடுத்து எஞ்ச வைத்தது.

அதே 1937ஐ மனத்தில் இருத்திக்கொண்டு அவ்லபாரியின் உள்ளே சற்றுத் தொலைவு நடப்போம். அங்கே ஒரு சிறிய வீடு. 1903 இறுதியில் சமூக ஜனநாயகப் புரட்சியாளர்கள் அதன் அடியில் ஓர் இரகசிய அச்சகத்தை நிறுவினார்கள். கிணற்றுக்குள் இறங்கி, பக்கவாட்டுச் சுரங்கம் வழியே சென்றால்தான் அச்சு எந்திரத்தை அடையலாம். ஜார்ஜியம், ஆர்மீனியம், ரஷ்யம் ஆகிய மூன்று மொழிகளிலும் துண்டறிக்கைகள் அங்கே அச்சாயின. 1906 ஏப்ரலில் காவலர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். கிணற்றில் எரியும் தாளைப் போட்டபோது தீ பக்கவாட்டில் இழுபட்டதைக் கண்டு ஐயுற்றார்கள் என்று சொல்வதுண்டு. இளம் ஸ்டாலினின் பெயரோடு இணைக்கப்பட்ட அந்த இடத்தைச் சோவியத் அரசு 1937இல் சீரமைத்து அருங்காட்சியகம் ஆக்கியது.

அதே ஆண்டில், அதே பகுதியின் மேட்டில், கோஜிவங்க் என்னும் ஆர்மீனியத் தேவாலயம் இடிக்கப்பட்டது. அதைச் சூழ்ந்திருந்த பெருங்கல்லறைத் தோட்டத்தின் மிகப்பெரும் பகுதி அழிக்கப்பட்டது. அங்கே உறங்கியவர்கள் யார் என்று பார்ப்போம். நாவலாசிரியர் ரஃபி, 1888இல் இந்நகரிலேயே இறந்தவர். நாடகாசிரியர் கப்ரியேல் சுந்துக்கியான். திபிலீசியின் ஏழை மீனவன் ஒருவனை நாயகனாக்கி, இந்நகர ஆர்மீனியரின் பேச்சுமொழியிலேயே 'பெப்போ' நாடகத்தை எழுதியவர். கவிஞர் ஹோவனெஸ் துமான்யான். 1923இல் மாஸ்கோவில் இறந்தபோதும் அவர் உடல் தம் நகரமான திபிலீசிக்கே கொண்டுவரப்பட்டது. மண்ணுக்கடியில் மூன்று மொழிகளில் அச்சிட்டதைப் போற்றி அருங்காட்சியகம் அமைத்த கை, மண்ணுக்கு மேலே அம்மூன்றில் ஒரு மொழியின் ஆசிரியர்களுடைய கல்லறைகளைப் பெயர்த்தது. இதை 'அடுக்கு' என்று சொல்லி நகர்ந்துவிட என் மனம் ஒப்பவில்லை.

அவர்கள் இந்நகரில் விருந்தாளிகளும் அல்லர். 1897ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இந்நகரின் தனிப்பெரும் குழு ஆர்மீனியரே. ஜார்ஜியர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அவ்லபாரி அவர்களுடைய இதயப்பகுதியாக இருந்தது. இன்றும் ஆர்மீனிய நாடக அரங்கு அங்கேதான் உள்ளது. 'செந்நற்செய்தி' என்று அழைக்கப்பட்ட உயர்ந்த ஆர்மீனியத் தேவாலயம் 1989 ஏப்ரலில் இடிந்து விழுந்தது. நிலநடுக்கத்தால் விழுந்தது என்றும், தகர்க்கப்பட்டது என்றும் இருவேறு கூற்றுகள் உண்டு. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதன் சிதைந்த சுவர்களை 'அழகிய இடிபாடு' என்று எழுதுவோர்மீதுதான் என் வழக்கு.

கோஜிவங்க் நிலத்துக்கு மீண்டும் வருவோம். சோவியத் ஒன்றியம் சிதறியபின், 1995இல் சமேபாவின் கட்டுமானம் தொடங்கியது. 2004இல் அது புனிதப்படுத்தப்பட்டது. பழைய கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதி பேராலய வளாகத்துக்குள் அடங்கியது. தோண்டும்போது எலும்புகளும் கல்லறைக் கற்களும் வெளிப்பட்டன என்றும், அவை உரிய மரியாதையின்றி அகற்றப்பட்டன என்றும் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன. எஞ்சிய சில கல்லறைகள் வேலியிட்ட ஒரு மூலையில் நினைவிடமாக ஒதுக்கப்பட்டுள்ளன. நண்பரின் மகள் பூங்கா என்று எண்ணியது அதைத்தான்.

இங்கே மறுதரப்பின் வாதத்தையும் முழுமையாகக் கேட்டாக வேண்டும். கல்லறைகளை இடித்தது பேரியா, திருச்சபை அன்று. ஜார்ஜியத் திருச்சபையே நெடுங்காலம் மிதிபட்டது. 1811இல் ரஷ்யப் பேரரசு அதன் தன்னாட்சியைப் பறித்தது. அதன்பின் சோவியத் அரசு அதன் ஆலயங்களைப் பூட்டியது. எழுபதாண்டு இறைமறுப்பு ஆட்சிக்குப்பின் ஒரு மக்கள் தமக்கென ஒரு பெருங்கோயில் எழுப்பிக்கொள்வது தவறா? உலகில் எந்த நகரம் இறந்தவர்மீது கட்டப்படாமல் இருக்கிறது? ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் இருந்த மசூதிகளில் இன்று எஞ்சி நிற்பது நீல மசூதி ஒன்றுதானே?

இவை அனைத்தும் உண்மை. ஆயினும் இவற்றில் ஒன்றுகூட விடையாகாது. பேரியா செய்த அழிவின் பயனை அனுபவிப்பவர் பேரியாவின் குற்றத்துக்குப் பங்காளி ஆகமாட்டார். ஆனால் அதை மறைத்தால் ஆகிறார். யெரெவானில் நடந்தது யெரெவானைக் குற்றப்படுத்துமே தவிர, அவ்லபாரியை விடுவிக்காது. ஒடுக்கப்பட்டதன் நினைவு ஒருவருக்குப் பிறர் துயரைக் காணும் கண்ணைத் தர வேண்டும். அது வெறும் உரிமைப் பத்திரமாக மாறும்போதுதான் நான் அஞ்சுகிறேன்.

மற்றோர் எடுத்துக்காட்டு இந்தப் புகழ்மொழிகளின் இயல்பை இன்னும் தெளிவாகக் காட்டும். மெதேகியிலிருந்து பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் ஒரு மசூதி. சன்னி, ஷியா இருபிரிவினரும் அங்கே ஒரே கூரையின்கீழ்த் தொழுகிறார்கள். திபிலீசியின் சகிப்புத்தன்மைக்குச் சான்றாக இதைக் காட்டாத வழிகாட்டி நூலே இல்லை எனலாம். அவர்கள் ஏன் ஒன்றாகத் தொழ நேர்ந்தது? ஷியாக்களுக்கு ஆற்றோரத்தில் தனி மசூதி இருந்தது. 1950களின் தொடக்கத்தில், இன்று நாம் கடந்து செல்லும் அதே பாலத்தைக் கட்டும்போது அதை இடித்தார்கள். வீடிழந்தவர்க்கு இடம் கொடுத்த சன்னிகளின் பெருந்தன்மை வணங்கத்தக்கது. ஆனால் அந்தப் புகழை நகரத்துக்கும் அரசுக்கும் எழுதி வைப்பது எந்த நியாயம்?

நான் தமிழ் கற்பிப்பவன். ஒரு நேர்மையான பதிப்பு எப்படி இருக்கும் என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த பாடம். பதிற்றுப்பத்தின் எந்தப் பதிப்பைத் திறந்தாலும் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை என்று கண்டிருக்கும். எண்பது பாடல்தான் கிடைத்தது என்பதற்காக நூலின் பெயரை 'எட்டுப்பத்து' என்று எவரும் மாற்றவில்லை. இழப்பின் அளவு நூலின் பெயரிலேயே இன்றும் நிற்கிறது. நகரங்களையும் அப்படித்தான் பதிப்பிக்க வேண்டும். இல்லாததை இல்லை என்று குறிக்க வேண்டும். இருந்த இடத்தைச் சுட்ட வேண்டும். சிதைத்தது செல்லா, நெருப்பா, மனிதக் கையா என்று சொல்ல வேண்டும்.

சமேபாவை இடிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அங்கே மனமுருகி மெழுகுவத்தி ஏற்றும் முதியவளின் நம்பிக்கையை இழிவுபடுத்துவதும் என் நோக்கமன்று. ஜார்ஜியரும் ஆர்மீனியரும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கில் தலையிட எனக்கு உரிமையில்லை. என் கோரிக்கை தமிழில் எழுதுவோரிடம் மட்டுமே. அடுத்தமுறை அவ்லபாரியைப் பற்றி எழுதும்போது குவிமாடத்தின் பொன்னிறத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கினால், கோஜிவங்க் என்ற பெயருக்கு ஒரு வரியாவது ஒதுக்குங்கள். அடுக்குகள் என்று எழுதினால், அவற்றை அடுக்கிய கைகளையும் எழுதுங்கள்.

நண்பரின் மகளுக்கு இவற்றையெல்லாம் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு படம் வந்தது. கல்லின்மீது ஆர்மீனிய எழுத்துகள். கைபேசியின் துணைகொண்டு அவற்றைப் படித்து, கீழே தமிழில் ஒரே சொல்லை எழுதியிருந்தாள்: துமான்யான்.