‘ரத்தத்துலயே இருக்கு’ என்கிற பாராட்டு

ராக் கிடார் ரசிகர்களுக்குள் ரொம்ப காலமாக ஒரு சண்டை நடக்கிறது. இங்வி மால்ம்ஸ்டீன் போல கண் இமைக்கும் நேரத்தில் சுரங்களைக் கொட்டுகிறவன்தான் கலைஞன் என்பது ஒரு கட்சி. பி.பி. கிங் ஒரே ஒரு சுரத்தை இழுத்து நடுங்க வைத்தால் போதும், மனசு கரைந்துவிடும், வேகம் எதற்கு என்பது இன்னொரு கட்சி. டெக்னிக்கா, ஃபீலா? வித்தையா, உணர்ச்சியா?

அம்பேத்கரியம் பேசுகிற இடத்தில் இது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தச் சண்டையில் யாருக்கு வித்தை, யாருக்கு ஃபீல் என்று பங்கு பிரிக்கப்படுவதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் அந்தப் பங்கு நிறத்தைப் பார்த்துப் பிரிக்கப்பட்டது. இங்கே சாதியைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது.

ராக் இசையின் வேர் கருப்பின மக்களின் புளூஸ். அதன் பெரிய கிடார் கலைஞர்களில் ஒருவர் மிசிசிப்பிக்காரரான ராபர்ட் ஜான்சன். 1936, 1937 ஆண்டுகளில் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938இல், 27 வயதில் இறந்துபோனார். அவரைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை என்ன? நடுராத்திரியில் நாற்சந்தியில் நின்று பிசாசுக்கு ஆன்மாவை விற்று அந்த வித்தையை வாங்கினார் என்பது. நடந்தது வேறு. ஐக் ஜிம்மர்மேன் என்கிற மூத்த கிடார் கலைஞரிடம் தங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து பழகினார். குரு இருந்தார், பயிற்சி இருந்தது, தழும்பேறிய விரல் இருந்தது. ஆனால் ஒரு கருப்பு இளைஞன் உழைத்துக் கற்றான் என்று நம்புவதைவிட, பிசாசு கொடுத்தது என்று நம்புவது ஊருக்குச் சுலபமாக இருந்தது.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கதையும் இதுதான். 1967இல் மாண்டெரி மேடையில் கிடாரைக் கொளுத்தினார், அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று வருஷக்கணக்கில் ஊர் ஊராகப் பக்கவாத்தியம் வாசித்ததை யாரும் பேசுவதில்லை. 1969இல் உட்ஸ்டாக்கில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது வியட்நாமில் விழுந்த குண்டுகளின் சத்தத்தைக் கிடாரிலேயே கொண்டு வந்தார். ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலை எந்த இடத்தில் விட வேண்டும், எந்த இடத்தில் அடக்க வேண்டும் என்ற கணக்கு கையில் இல்லாமல் அது வராது. அதையும் ‘காட்டுத்தனமான ஆவேசம்’ என்றுதான் எழுதினார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

திருவண்ணாமலையில் இரண்டு விதமான சத்தம் உண்டு. அண்ணாமலையார் கோயிலுக்குள்ளே நாதசுரமும் தவிலும். அதற்குப் பெரிய மேளம், மங்கள வாத்தியம் என்று மரியாதையான பெயர்கள். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பறை. அதற்குச் சாவு மேளம் என்று பெயர். தவிலிலும் தோல்தான், பறையிலும் தோல்தான். ஒரு தோல் சந்நிதி வரைக்கும் போகும், இன்னொரு தோல் வாசலோடு நிற்கும். இசைக்குச் சாதி கிடையாது என்று சொல்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள்? தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் ஒரு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காலெடுத்து வைக்க, 2023 ஜனவரி 30 அன்று கலெக்டரும் போலீசும் கூடவே வர வேண்டியிருந்த மாவட்டம் இது.

சமீப காலமாகப் பறைக்குப் புது மரியாதை வந்திருக்கிறது. கல்லூரி விழாவில் அடிக்கிறார்கள், சினிமாவில் அடிக்கிறார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். ஆனால் மேடையில் மைக் பிடிக்கிறவர் பாராட்டும் விதத்தைக் கேளுங்கள். “பறைன்னாலே ஒரு ஃபீல்ங்க. கேட்டா கால் தானா ஆடும். இவங்களுக்கெல்லாம் ரத்தத்துலயே இருக்கு.” கூட்டம் கை தட்டும். நம் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

நான் எதிர்ப்பது இந்தப் பாராட்டைத்தான்.

ரத்தத்தில் என்ன இருக்கிறது? பறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வட்டமான மரச் சட்டம். தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்ட வேண்டும். இரண்டு குச்சிகள். இடது கையில் நீளமான மெல்லிய மூங்கில் சுண்டுகுச்சி, வலது கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. ஒன்று தோலின் ஓரத்தில் சுண்டும், மற்றது நடுவில் அடிக்கும். இரண்டும் வேறு வேறு எடை, வேறு வேறு கோணம், வேறு வேறு நாதம். பறையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, கால் அடவு பிசகாமல், பக்கத்தில் நிற்கும் நான்கு பேரோடு சேர்ந்து இதைச் செய்ய வேண்டும். சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, ஒத்தையடி, பாடம் அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வோர் அடி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாற வேண்டும் என்பதை ஆசான் ஒரு பார்வையில் சொல்வார், மற்றவர்கள் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகை மாதப் பனியில் தோல் தளர்ந்து தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தணலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்துச் சுருதி ஏற்றுவார்கள். கொஞ்சம் கூடினால் தோல் வெடித்துவிடும், கொஞ்சம் குறைந்தால் சத்தம் செத்துப் போகும். கிடார்காரன் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்தால் அது டெக்னிக். நம் ஆள் நெருப்பில் சுருதி சேர்த்தால் அது ‘கிராமத்து மணம்’.

சாவு வீட்டில் அடிக்கும் அடியைக் கேட்டு ஒருவர் அழுகிறார் என்றால், அடிக்கிறவர் அழுதுகொண்டு அடிக்கிறார் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் செத்தவர் யாரென்றே அவருக்குத் தெரியாது. காலையிலிருந்து சாப்பிடாமல் நின்றுகொண்டிருப்பார். அழ வைப்பது அவருடைய துக்கமல்ல, அவருடைய வேலைத்திறன். பி.பி. கிங்கின் அந்த ஒற்றைச் சுரமும் இப்படித்தான். கம்பியை எந்த அளவுக்கு வளைத்தால் சுருதி தப்பாது, மணிக்கட்டை எவ்வளவு வேகத்தில் ஆட்டினால் அந்த நடுக்கம் வரும் என்பது பல பத்தாண்டுகளின் சாதகம். நமக்குக் கண்ணில் தெரியாத டெக்னிக்குக்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் ஃபீல். கிடார் ரசிகர்களின் சண்டைக்கும் என் பதில் இதுவே. வேகம் டெக்னிக்கின் ஒரு வகை, நிதானம் அதன் இன்னொரு வகை. இரண்டையும் கற்றுத்தான் ஆக வேண்டும்.

சரி, தலித் கை வித்தையைச் செய்கிறது என்று யாராலும் மறுக்க முடியாத இடம் ஒன்றைப் பார்ப்போம். மிருதங்கம் செய்கிறவர்கள். டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகத்தை 2020இல் எழுதினார். தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பம் போன்ற தலித் கிறித்தவர்கள் பலர் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் செய்து வந்த வரலாறு அது. எந்த மாட்டின் தோல், அதில் எந்தப் பகுதி, வலந்தலைக்கு எது, தொப்பிக்கு எது, கரணை எத்தனை பூச்சு என்பதெல்லாம் அவர்கள் காதுக்கும் விரலுக்கும் தெரியும். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை உலகம் கொண்டாடியது. அந்த நாதத்துக்காக அவரோடு சேர்ந்து வேலை பார்த்த பர்லாந்து என்ற கைவினைஞரின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் இடம் கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்ததும், விழா வேறு இடத்தில் நடந்ததும் ஊரறிந்த செய்தி.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நம் ஆள் பறை அடித்தால் அது உணர்ச்சி. நம் ஆள் மிருதங்கம் செய்தால் அது கைவேலை. ‘வித்வான்’ என்ற சொல் மட்டும் இரண்டு இடத்திலும் நம்மிடம் வராமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. உணர்ச்சியும் உழைப்பும் நமக்கு, அறிவு அவர்களுக்கு. கலைக்குள் சாதி வேலை செய்கிற முறை இதுதான்.

இளையராஜாவைப் பற்றிப் பேசும் விதத்திலும் இது இருக்கிறது. அவர் தன்னைச் சாதி அடையாளத்துக்குள் வைத்துப் பேசுவதை ஏற்காதவர். அது அவர் உரிமை, அதை மதிப்போம். நான் சொல்வது மற்றவர்கள் அவரைப் பேசும் விதத்தை. ‘மண்வாசனை’, ‘பிறவி ஞானம்’, ‘கடவுள் கொடுத்த வரம்’. நம் ஊர் ரமணர் மீது அவருக்குள்ள பக்தியைப் பேசுகிறவர்கள், அவர் 1968இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்து மேற்கத்திய இசையைப் பாடம் பாடமாகப் படித்ததைப் பேசுவதில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வை எழுதித் தேறியதையும், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் படம் படமாக உழைத்ததையும் சேர்த்துப் பேசுவதில்லை. 1982இல் வந்த ‘இளைய நிலா’ பாட்டின் கிடாரைக் கேட்டு மயங்காதவர் யார்? அவருடைய பாடல்களில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று அவரே கையால் எழுதிக் கொடுப்பார். நீங்கள் ஃபீல் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வது அவர் காகிதத்தில் எழுதிய கணக்கு.

பாராட்டுதானே, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று சிலர் கேட்பார்கள். பாராட்டுக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் வருகின்றன.

முதலாவது கூலி. ரத்தத்தில் இருப்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? மேடைக் கச்சேரிக்குச் சன்மானம், பறைக்குச் சாப்பாடும் பாட்டிலும்.

இரண்டாவது பள்ளிக்கூடம். நம் ஊரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இந்தப் பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்பில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினுக்கு அங்கே நாற்காலி உண்டு. இந்த மண்ணின் பறைக்கு அந்த ஏழில் இடமில்லை. பிறப்பிலேயே தெரியும் என்றால் எதற்குப் பாடத்திட்டம்?

மூன்றாவதுதான் ஆபத்தானது. மறுக்கும் உரிமை. வட ஆற்காடு, தென்னாற்காடு கிராமங்களில் நம் முன்னோர்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறார்கள், ஊர்விலக்கு பார்த்திருக்கிறார்கள். அப்போது ஊர்க்காரர்கள் சொன்ன நியாயம் என்ன? ‘இது உங்க பிறவித் தொழில்.’ இன்று மேடையில் சொல்வது, ‘உங்க ரத்தத்துலயே இருக்கு.’ முன்னது மிரட்டல், பின்னது மாலை மரியாதை. இரண்டும் சொல்வது ஒரே விஷயத்தை. பிறப்புதான் தொழிலைத் தீர்மானிக்கிறது என்ற இந்த நம்பிக்கையைத்தான் பாபாசாகேப் 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் பிய்த்துப் போட்டார். கற்றுக்கொண்ட வித்தை என்றால் அதை விடவும் உரிமை உண்டு, இன்னொருவருக்குக் கற்றுத்தரவும் உரிமை உண்டு. ரத்தம் என்றால் இரண்டும் கிடையாது.

நம் பக்கத்திலும் ஒரு குரல் கேட்கிறது. ‘நமக்கு எதுக்கு இலக்கணம்? அதெல்லாம் அவாள் சமாச்சாரம். நம்ம கலை கட்டுக்கடங்காதது. பள்ளிக்கூடத்துல வச்சா செத்துப்போகும்.’ இதைச் சொல்லும் தோழர்களின் அன்பு புரிகிறது. ஆனால் பறைக்கு இலக்கணம் இல்லை என்று சொல்வது, நம் தாத்தாக்கள் கண்டுபிடித்த அத்தனை அடிகளையும் விபத்து என்று சொல்வதற்குச் சமம். இலக்கணம் அவர்கள் சொத்து என்று நாமே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வைத்தால் கலை செத்துப்போகும் என்றால் வயலினும் தவிலும் ஏன் சாகவில்லை?

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு. அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து எடுத்த பெயர். கானாவும் ராப்பும் ராக் கிடாரும் ஒரே மேடையில் நின்றன. பலர் எழுதியது அந்தக் கோபத்தைப் பற்றி. கோபம் இருந்தது, இருக்கத்தான் வேண்டும். ஆனால் கோபம் மட்டும் இருந்தால் 19 பேர் ஒரே தாளத்தில் நிற்க முடியாது. கானாவின் நடையையும் ராக் டிரம்ஸின் நடையையும் ஒன்றோடொன்று முட்டாமல் கோத்தது ஒத்திகையும் காதும்தான்.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். திருவண்ணாமலை இசைப்பள்ளியில் பறை முழுநேரப் பாடமாக வர வேண்டும், மற்ற ஏழுக்கும் உள்ள அதே சான்றிதழோடு. கற்பிக்கும் வேலைக்குப் பட்டம் கேட்காமல், வாழ்நாள் முழுக்க அடித்த நம் ஆசான்களை அரசுச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். எந்தச் சாதிப் பிள்ளையும் வந்து கற்கட்டும். ஒரு முதலியார் வீட்டுப் பெண்ணும் ஒரு ரெட்டியார் வீட்டுப் பையனும் சுண்டுகுச்சி பிடிக்கத் தெரியாமல் ஆறு மாதம் திணறினால்தான், இது ரத்தத்தில் வருவதல்ல என்று ஊருக்கு உறைக்கும். நம் வீட்டுப் பிள்ளை பறை வேண்டாம், கிடார் வேண்டும் என்றால் அதையும் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த முறை மேடையில் யாராவது ‘ரத்தத்துலயே இருக்கு’ என்று ஆரம்பித்தால், அடிக்கிற தம்பி குச்சியைக் கீழே வைத்துவிட்டு, தனக்குக் கற்றுக்கொடுத்த ஆசானின் பெயரையும், எத்தனை வருஷம் கற்றான் என்பதையும் மைக்கில் சொல்லட்டும். பிறகு அடிக்கட்டும்.

ஜெய் பீம்.