வீரத்துக்குச் சாட்சி யார்?

டெல்லிக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் செங்கோட்டை, குதுப்மினார், ஆக்ரா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் இந்தியா கேட் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு ரயிலேறுகின்றன. அதை ஒட்டியே, சுமார் 40 ஏக்கரில் விரிந்திருக்கிறது தேசியப் போர் நினைவுச் சின்னம். 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் அது. நம் பிள்ளைகளை அவசியம் அழைத்துப்போக வேண்டிய இடமும்கூட. அங்கே நின்று என்ன கேட்க வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

இதன் வடிவமைப்பு உலக அளவிலான போட்டி ஒன்றின் மூலம் தேர்வானது. வென்றது சென்னையைச் சேர்ந்த ‘வீபி டிசைன் லேப்’ என்னும் கட்டடக்கலை நிறுவனம். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள். நடுவில் அணையா விளக்கும் உயர்ந்த தூணும். அடுத்த வட்டத்தில் ஆறு போர்க்களக் காட்சிகள் வெண்கலப் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றன. அதற்கடுத்தது தியாக வட்டம். விடுதலைக்குப் பின் நடந்த போர்களிலும் நடவடிக்கைகளிலும் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் அங்கே கருங்கல் பலகைகளில் பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன. திறப்பு விழா நாளில் அந்தப் பெயர்களின் எண்ணிக்கை 25,942. வெளிவட்டம் முழுக்க மரங்கள். இதையொட்டித் தனியே ஒரு பூங்கா. நாட்டின் ஆக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் அங்கே இருக்கின்றன.

கூட்டம் எங்கே சேர்கிறது என்று கவனித்தால் ஒன்று விளங்கும். கார்கில் நாயகன் விக்ரம் பத்ராவின் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க இளைஞர்கள் முண்டியடிக்கிறார்கள். பெயர்ப் பலகைகளுக்கு நடுவே நடப்பவர்கள் குறைவு. நடப்பவர்களிலும் விரலால் தடவித் தடவி ஒரே ஒரு பெயரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் உறவினர்கள். 21 சிலைகளுக்கும் 25,942 பெயர்களுக்கும் இடையே என்ன வேறுபாடு? துணிச்சலில் ஏற்றத்தாழ்வு என்று சொல்லிவிட முடியுமா?

பதக்கம் எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். களத்தில் நடந்ததை ஒருவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும். கண்டவர் உயிரோடு திரும்ப வேண்டும். அவர் சொன்னதைப் படைப்பிரிவின் தலைமை அதிகாரி எழுத்தில் வடிக்க வேண்டும். அது ஒவ்வொரு படியாக மேலேறி, ஏற்கப்பட வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி அறுந்தாலும் வீரம் கல்லில் வெறும் பெயராகத் தங்கிவிடும். கடைசி ஆள்வரை மாண்டுபோன ஒரு காவல்முகாமில் யார் எப்படிப் போரிட்டார்கள் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

அப்படித் தொலைந்துபோயிருக்க வேண்டியதுதான் ரெசாங் லா. அந்த வெண்கலச் சிற்பங்களில் ஒன்று அந்தப் போரைக் காட்டுகிறது. சீனாவுடனான போரின்போது, 1962 நவம்பர் 18. லடாக்கில் சுஷுல் விமானதளத்தைக் காக்கும் கணவாய், 16,000 அடிக்கும் மேலான உயரம். 13ஆவது குமாவூன் படைப்பிரிவின் சார்லி கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் அங்கே நின்றது. வீரர்களில் பெரும்பாலோர் ஹரியாணா பக்கத்து அஹிர்கள். பனியைப் பழகாத சமவெளிக்காரர்கள். கையில் பழைய .303 துப்பாக்கிகள். இடையே ஒரு மலைமுகடு மறித்ததால் பீரங்கிகளின் துணை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சுமார் 120 பேரில் 110க்கும் மேற்பட்டோர் அங்கேயே மடிந்தார்கள். தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது முதலில் அதை நம்ப ஆளில்லை. பனி தளர்ந்த பிறகு, ஒரு மேய்ப்பர் பார்த்துச் சொல்லி, 1963 தொடக்கத்தில் தேடிப் போனார்கள். பதுங்குகுழிகளில் துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து கிடந்தார்கள் வீரர்கள். மருத்துவ உதவியாளரின் கையில் ஊசி இருந்தது. பிழைத்தவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்த உடல்கள் சாட்சி சொல்லின. ஷைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

சாட்சியம் பிசகிய நிகழ்வுகளும் உண்டு. அதே 1962இல் பாங்காங் ஏரிக்கு வடக்கே இருந்த காவல்முகாமில் போரிட்ட மேஜர் தன் சிங் தாப்பா இறந்துவிட்டதாகவே கருதப்பட்டுப் பரம்வீர் சக்ராவுக்கான குறிப்பு எழுதப்பட்டது. அவர் சீனர்களிடம் கைதியாக இருந்தது பிறகுதான் தெரிந்தது. 1963இல் திரும்பி வந்தார். கார்கில் போரிலும் அப்படியே. டைகர் ஹில்லில் உடம்பெல்லாம் குண்டு பாய்ந்த யோகேந்திர சிங் யாதவுக்கு மறைவுக்குப் பிந்தைய விருதாகவே பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. இறந்தவர் அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர். விருதுக்குரியவர் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தார். நாட்டின் ஆக உயர்ந்த வீர விருதிலேயே இப்படி நேர்ந்தால், பெயர் குறிப்பிடப்படாமலேயே போன துணிச்சல்கள் எத்தனை இருக்கும்?

அந்த 21 பேரையும் படிநிலை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். 12 பேர் அதிகாரிகள்; ஒன்பது பேர் சுபேதார் முதல் சிப்பாய்வரையிலானவர்கள். படையில் அதிகாரிகள் சிறுபகுதிதான். இதைக் கொண்டு யாருடைய வீரத்தையும் குறைத்துப் பேச மாட்டேன். இந்தியத் தரைப்படையின் இளம் அதிகாரிகள் முன்னால் நின்று தாக்குவது ஊரறிந்த மரபு. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் தெரியும். ஆனால், முன்னால் நிற்பவரைப் பின்னால் வரும் நூறு பேர் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. இரவில் தனியாக ஊர்ந்துபோன சிப்பாயை யார் பார்த்தார்கள்? அதனால்தான் அந்தப் பெயர்ப் பலகைகளை நான் சிலைகளைவிடப் பெரிதாக மதிக்கிறேன். யார் பார்த்தார்கள் என்று கேட்காமலேயே எல்லாரையும் ஏற்றுக்கொள்கிறது அந்தச் சுவர்.

ஆனால், அந்தச் சுவர் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. இவர் ஏன் இறந்தார் என்பதை அது சொல்வதில்லை. நம் நடுகற்கள் அதைச் சொல்லிவிடும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களைப் படித்துப்பாருங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரின் ஆநிரையைக் கவர யார் வந்தார்கள், யாருடைய சேவகன் மீட்கப் போய் மாண்டான் என்று சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள். எடுத்தனூர்க் கல் ஒன்றில் மாண்ட வீரனோடு அவன் நாய் கோவிவனுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். சண்டைக்கான காரணம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை மறைக்க வேண்டும் என்று அந்த ஊராருக்குத் தோன்றவில்லை.

டெல்லி நினைவுச் சின்னத்தின் வட்டங்களுக்கு முன்மாதிரி மகாபாரதச் சக்கரவியூகம் என்று வடிவமைப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். சக்கரவியூகம் என்றதும் நம் நினைவுக்கு வருபவன் அபிமன்யு. அவன் வீரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடைத்து நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று அவன் சொன்ன பிறகும் அவனை அனுப்பியவர்கள் பெரியவர்கள். பின்னாலேயே வருகிறோம் என்று சொன்னவர்களை ஜயத்ரதன் தடுத்து நிறுத்திவிட்டான். அபிமன்யுவின் கதையைக் கேட்கும் எந்தக் குழந்தையும் அடுத்து கேட்கும் கேள்வி, அவனை ஏன் அனுப்பினார்கள் என்பதுதான். போர் வீரத்தைப் போற்றும் எந்த இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

ரெசாங் லாவுக்கு அந்தக் கேள்வியைப் போட்டால் பதில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. 1962 தோல்விக்கான ராணுவக் காரணங்களை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பிரேமீந்திர சிங் பகத்தும் அமர்த்தப்பட்டார்கள். பகத் இரண்டாம் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர். துணிச்சல் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1963இல் அவர்கள் கொடுத்த அறிக்கை இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியாகவில்லை. 2014இல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் ஒரு பகுதியை வெளியிட்டார், அவ்வளவுதான். 2010இல் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அதிலுள்ள தகவல்களுக்கு இன்றைய களத்திலும் மதிப்பு உண்டு என்று காரணம் சொன்னார் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி. ஆட்சி மாறியது, நிலை மாறவில்லை. போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளியிட வேண்டும் என்று 2021இல் பாதுகாப்பு அமைச்சகமே கொள்கை வகுத்தது. 60 ஆண்டுகளைத் தாண்டிய அறிக்கைக்கு அந்தக் கொள்கை பொருந்தாதா? அந்தப் போரில் மாண்டவர்களை வெண்கலத்தில் வார்த்துவிட்டு, அந்தப் போரில் நாம் தோற்ற காரணத்தைப் பூட்டிவைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அந்த 21 சிலைகளில் ஒன்று மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுடையது. மும்பையில் பிறந்த தமிழர். மஹார் படைப்பிரிவின் எட்டாவது பட்டாலியன் அதிகாரி. 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணம் கந்தரோடையில், இலங்கைக்கு அனுப்பப்பட்டிருந்த இந்திய அமைதிப்படையின் தேடுதல் பணியிலிருந்து திரும்பும்போது அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. அவர் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டுவிட்டுச் சரிந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. அமைதிப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அது. சென்னை அரும்பாக்கத்தில் ராணுவக் குடியிருப்பு ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் கதை தெரியும்?

தெரியாமல் போனதற்குக் காரணம் நம் மனத்திலேயே இருக்கிறது. தமிழ்க் கிராமம் ஒன்றில், தமிழ்ப் போராளிகளோடு மோதி ஒரு தமிழ் அதிகாரி இறந்தார். இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்று நமக்கு இன்னும் தெரியவில்லை. 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அன்றைய முதல்வர் மு.கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. இந்தியத் தரப்பில் சுமார் 1,200 பேர் உயிரிழந்த நடவடிக்கை அது. மறுபக்கத்தில், 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியச் சிப்பாய்கள் நுழைந்தபோது மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அங்கே பணிபுரிவோர் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். பரமேஸ்வரனின் துணிச்சலும் உண்மை. அந்த மருத்துவமனைப் படுகொலையும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கப் பார்க்கிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் சொல்லும் மனவலிமை ஒரு தேசத்துக்கு வேண்டும். சிப்பாயை அங்கே அனுப்பியது சிப்பாய் எடுத்த முடிவில்லை என்பதையும் அப்போதுதான் சேர்த்துச் சொல்ல முடியும்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. எதிரியின் வீரத்தையே எழுதிக் கொடுத்தவர்கள் நம் படையில் இருக்கிறார்கள். 1999 ஜூலையில் டைகர் ஹில் போரில் இறந்த பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கானின் (கர்னல் என்பது பெயரின் பகுதி) உடல் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர் வீரத்தோடு போரிட்டார் என்று ஒரு சீட்டில் எழுதி அவருடைய சட்டைப்பைக்குள் வைத்து அனுப்பினார் பிரிகேடியர் எம்.பி.எஸ்.பாஜ்வா. அது தன் படையே இல்லை என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டிருந்த போர். பிறகு அந்நாட்டின் ஆக உயர்ந்த ராணுவ விருதான நிஷான்-ஏ-ஹைதர் கர்னல் ஷேர் கானுக்குக் கிடைத்தது. தன் ஆட்களைக் கொன்ற ஒருவனுக்காகச் சாட்சி சொல்ல ஒரு தளபதி முன்வந்தார். போர் அருங்காட்சியகம் ஒன்றில் வைக்க இதைவிடச் சிறந்த ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட ஆவணங்களை வைக்க இடமும் வர வேண்டியிருக்கிறது. 2015 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது நினைவுச் சின்னத்துக்கு மட்டுமல்ல. பக்கத்திலுள்ள பிரின்சஸ் பார்க் பகுதியில் தேசியப் போர் அருங்காட்சியகம் ஒன்றுக்கும் சேர்த்துத்தான். இரண்டுக்குமாகச் சுமார் 500 கோடி ரூபாய் என்று அப்போது மதிப்பிட்டார்கள். நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது. அருங்காட்சியகத்துக்கான உள்ளடக்கத்தை இப்போதே விவாதித்தாக வேண்டும். பீரங்கிகளையும் விமான மாதிரிகளையும் ஒலி-ஒளிக் காட்சிகளையும் அடுக்குவது எளிது. ஒப்பந்தக்காரர்கள் ஆறு மாதத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள். சாட்சியங்களைத் திரட்டுவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

அந்தக் காலமும் கையில் அதிகம் இல்லை. 1962இல் போரிட்டவர்களில் எஞ்சியிருப்போர் 80 வயதைத் தாண்டியவர்கள். 1971 போர்க்காரர்கள் 70ஐக் கடந்துவிட்டார்கள். இலங்கை போய் வந்தவர்கள் ஓய்வூதிய வரிசையில் நிற்கிறார்கள். வேலூர் அருகே கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நம்மிடம் உண்டு. அந்தத் திண்ணைகளில் கேட்கக் கிடைக்கும் கதைகளில் பதக்கம் பெறாத துணிச்சலும், சொல்லப்படாத பயமும், தவறான உத்தரவுகளும் இருக்கும். தமிழகத்தில் மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது; யார் எங்கே வசிக்கிறார்கள் என்ற பட்டியலும் அங்கே இருக்கிறது. வரலாற்றுத் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் திண்ணைகளுக்குப் போகலாம். மாநில அரசு இதை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்க முடியும். டெல்லியில் கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.