ஊர் கூடித் தேர் இழுத்தா மட்டும் போதுமா?

போன வாரம் ஒரு நண்பர் வீட்ல விருந்து. அவர் ஊர்ல கரண்ட் விநியோகம் நகராட்சி கையில. "எங்க கரண்ட் எங்களோடது சார், லாபம் தின்ன கம்பெனியே கிடையாது"ன்னு ஒரே பெருமை. "சந்தோஷம். ஒப்பந்தம் எந்த வருஷம் வரைக்கும்?"னு கேட்டேன்.

"எந்த ஒப்பந்தம்?"னார்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் மக்களே இந்தப் பதிவு.

அமெரிக்காவுல சுமார் ரெண்டாயிரம் மின் அமைப்புகள் இப்படி உள்ளூர் அரசுகளோடது. பெரும்பாலும் சின்ன ஊருங்க. கம்பமும் ஒயரும் இருக்கும், மின் நிலையம் கட்ட வசதி இருக்காது. அதனால பல ஊர் சேர்ந்து கூட்டு மின் முகமைன்னு ஒண்ணு வச்சுக்குவாங்க. முகமை வரிவிலக்குள்ள கடன்பத்திரம் வித்து, பெரிய நிலையத்துல பங்கு வாங்கி, அடக்க விலைக்கு ஊர்களுக்குக் கரண்ட் கொடுக்கும். ஊர் கூடித் தேர் இழுக்கற கதைதான். இதை நான் குறையே சொல்ல மாட்டேன். தனித்தனியா போனா பெரிய கம்பெனி வச்சதுதான் விலை.

ஆனா கடன் கொடுக்கறவன் சும்மா கொடுப்பானா? "கரண்ட் வந்தாலும் வராட்டாலும் காசு கட்டுவோம்"னு ஊர்கள் பல வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கணும். இன்னிக்குக் கை தூக்கற கவுன்சிலர் பாதியிலேயே போயிடுவார். கட்டப் போறது அவர் பேரப்பிள்ளைங்க.

சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. வாஷிங்டன் மாநிலத்துல 1957-ல ஆரம்பிச்ச கூட்டு அமைப்பு ஒண்ணு, 1970-கள்ல அஞ்சு அணு உலை கட்டக் கிளம்புச்சு. 1981-ல செலவு மதிப்பீடு சுமார் 2,400 கோடி டாலருக்கு எகிறிடுச்சு. 1982 ஜனவரியில நாலாவது, அஞ்சாவது உலைகளை அப்படியே கைகழுவிட்டாங்க. அந்த ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தது 88 உள்ளூர் மின் அமைப்புகள். 1983-ல மாநில உச்ச நீதிமன்றம், இப்படி எழுதிக் கொடுக்க அங்கத்திய ஊர் அமைப்புகளுக்கு அதிகாரமே கிடையாதுன்னுடுச்சு. 225 கோடி டாலர் கடன்பத்திரம் கோவிந்தா! அமைப்போட சுருக்கப் பேரை ஜனங்க 'வூப்ஸ்'னு படிச்சாங்க. நம்ம பாஷையில 'அய்யய்யோ' :-)

அப்ப ஜனங்க தப்பிச்சாங்களான்னா, அதுவும் இல்ல. ஒண்ணாவது, மூணாவது உலைகளும் முடியவே இல்ல. அந்தக் கடனை அந்த வட்டாரமே கரண்ட் பில்லுல கட்டுச்சு. அஞ்சுல ஓடினது ஒண்ணே ஒண்ணு.

"அதெல்லாம் பழங்கதை"ன்னார் நண்பர். சரி, அவர் இருக்கற இல்லினாய்க்கே வருவோம்.

அங்க 'ப்ரேரி ஸ்டேட்'னு 1,600 மெகாவாட் நிலக்கரி நிலையம். முதலாளிங்க பெரும்பாலும் இந்த மாதிரி முகமைங்கதான். முதல்ல சொன்ன செலவு ரெண்டு மடங்குக்கு மேல ஏறி, சுமார் 500 கோடி டாலர்ல வந்து நின்னுச்சு. 2012-ல ஓட ஆரம்பிச்சது. 2021-ல மாநிலச் சட்டம் வந்துச்சு: 2045-க்குள்ள அந்த நிலையத்தோட கார்பன் வெளியீடு பூஜ்யம் ஆகணும்.

இதுல காமெடி என்னன்னா, அதுல பங்கு வச்சிருக்கற இல்லினாய் முகமையில நேப்பர்வில் உட்பட 32 ஊர் இருக்கு. முகமையோட கரண்ட்ல பெரும்பகுதி நிலக்கரிதான். ஒப்பந்தம் முடியறது 2035-ல. பத்து வருஷம் முன்னாடியே, "2055 வரைக்கும் நீட்டிக் கொடுங்க"ன்னு ஊர்களைக் கேட்டாங்க. நிலக்கரிக்கே கெடு 2045, கையெழுத்து 2055 வரைக்கும்!

நீண்ட ஒப்பந்தம் இருந்தாத்தான் புது நிலையங்களுக்குக் கடன் கிடைக்கும்னு முகமை சொல்லுது. நியாயம்தான். ஆனா என்ன நிலையம், என்ன விலைன்னு தெரியாம இருபது வருஷத்துக்கு வெத்துத்தாள்ல யார் கையெழுத்துப் போடுவாங்க?

உடனே "தனியார்கிட்ட வித்துடு"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அதுக்கு நான் ஆள் இல்ல சாமி. நகராட்சின்னா கவுன்சில்ல எழுந்து நின்னாவது கேட்கலாம். நான் கேட்கறது மூணே மூணு. ஓட்டுக்கு முன்னாடி ஒப்பந்தம் முழுசா ஜனங்க கண்ணுல படணும். செலவு ஏறினா ஊர் பங்குக்கு ஒரு உச்சவரம்பு வேணும். நடுவுல விலகணும்னா எவ்வளவு ஆகும்னு எழுத்துல வேணும்.

ஊர்ல தேரோட்டம் பார்த்திருப்பீங்க. வடம் பிடிக்க ஆயிரம் பேர். சக்கரத்துக்கிட்ட முட்டுக்கட்டையோட நாலு பேர். திருப்பத்துல அந்த நாலு பேர் இல்லைன்னா, தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது போய் ஏறிடும். நாம என்னடான்னா 'முட்டுக்கட்டை போடறான்'ங்கறதையே திட்டா ஆக்கி வச்சிருக்கோம்.

அடுத்த கவுன்சில் கூட்டத்துக்குப் போறேன்னு நண்பர் சொல்லியிருக்கார். கட்டை ஒண்ணு கையில கொடுத்தாச்சு. போடறாரான்னு பார்ப்போம்.

நான் சொன்னது தப்புன்னா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. அதுக்குத்தானே கடை விரிச்சிருக்கேன்.